கடித்த அன்று என்ன செய்தீர்கள்? எல்லையோரத்து அனுபவங்கள்

புளியரைக்காரன்

நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் டாக்டராகிவிடுவோம். கடித்த அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வரும். அந்தக் கதைதான் எனக்கு வேண்டும். நாய்க்கடிதான் என்றில்லை, டெங்கு, காமாலை, நிபா, எந்த வைரஸ் நோயானாலும் சரி, முதல் இரண்டு நாளில் நீங்களோ உங்கள் வீட்டாரோ செய்த தவறை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2019ஆம் ஆண்டு. எங்கள் ஊர்த் தமிழக-கேரள எல்லைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தேன். கண் திறந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். பால்சோறு வைக்கும்போது கட்டைவிரலைக் கவ்வியது. பல் பட்ட இடத்தில் மிளகளவு ரத்தம். "குட்டிக்கு ஏது வெறி?" என்று அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டார். நானும் நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் குட்டி சோற்றைத் தொடவில்லை. தாடை தொங்கிப்போய் எச்சில் வடிய, கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. லாரியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்க வந்த புனலூர் டிரைவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை மனிதர், "முதலில் வண்டியில் ஏறு" என்றார்.

ஆஸ்பத்திரியில் செவிலியம்மா ஊசியை எடுக்கவில்லை. குழாயடியில் நிறுத்தி, சோப்பைக் கையில் கொடுத்து, "அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள், 15 நிமிடம்" என்றார். காய்ந்த சுண்ணாம்பு பக்கு பக்காக உரிந்து விழுந்தது. அடியில் தோல் வெந்திருந்தது. வெறிநாய்க்கடி நோயான ரேபிஸின் கிருமிக்குக் கொழுப்பாலான ஓர் உறை உண்டாம், சோப்பு அதைக் கரைத்துவிடுமாம். காயத்தில் சிலகாலம் தங்கி, பிறகு நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறுமாம். ஏறிய பிறகு வைத்தியம் இல்லை. ஏறுவதற்குள் கழுவலாம், ஊசி போடலாம். இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது அந்தக் குழாயடியில்தான்.

ரத்தம் வந்த காயம் என்பதால் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். அதைக் காயத்தைச் சுற்றியே ஏற்ற வேண்டும். கட்டைவிரல் நுனியில் இடம் எங்கே இருக்கிறது? கண்ணில் பொறி பறந்தது. ஐந்தாம் நாள் குட்டி செத்தது. அப்போதுதான் அம்மா ஒன்றைச் சொன்னார்: அது தினமும் அவர் குதிகால் பித்தவெடிப்பை நக்கிக்கொண்டிருந்ததாம். வெடித்த தோலில் எச்சில் பட்டால் கடித்த மாதிரிதான். அவருக்கும் மொத்த ஊசியும் போட்டோம்.

இனிமேல் சொல்வதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. நோய் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் வெளிப்படும், வந்தவருக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் என்று எங்கோ படித்துவிட்டேன். மூன்று மாதம், விடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துப் பார்ப்பேன். நான் குடித்து முடிக்கும்வரை அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். ஒருநாள் புரையேறிவிட்டது. உள்ளே அம்மா கையிலிருந்த கரண்டி விழுந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

குலசேகரம் பால்வெட்டு

அண்ணாச்சி, படித்ததும் நானும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், நிஜமாகவே.

எங்கள் ஊரில் நாயைவிடக் கொசுவுக்குத்தான் பயப்பட வேண்டும். 2007இல் கேரளத்து ரப்பர் மலைகளில் சிக்குன்குனியா பரவியபோது எனக்கும் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் ஓடிவிட்டது, மூட்டுவலி ஓடவில்லை. ஆறு மாதம் பால்வெட்டும் கத்தியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பட்டையைச் சீவும்போது கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தினேன், முதலாளி என்னைக் காயப்படுத்தினார். அந்த நோயின் பெயருக்கே ஆப்பிரிக்க மொழி ஒன்றில் 'வளைந்து போவது' என்று பொருளாம். வைத்தவன் அனுபவித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

தவறைக் கேட்டீர்கள். அது 2017இல், என் அத்தானுக்கு டெங்கு வந்தபோது. கேரளத்தில் டெங்கு மிக மோசமாக இருந்த ஆண்டு அது, காய்ச்சல் எல்லை பார்த்தா வரும்? உடம்புவலி தாங்கவில்லை என்று கடையில் வலி மாத்திரை வாங்கி நான்தான் கொடுத்தேன். டெங்குவில் ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும், பாராசிட்டமால் மட்டுமே கொடுக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. "போயிற்று, எழுந்துவிட்டார்" என்று கஞ்சியும் பயறும் வைத்தோம். மறுநாள் விடிகாலை தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டார். எட்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பினால் சிவப்பு.

டெங்குவில் காய்ச்சல் குறைகிற நேரம்தான் கண்டம் என்று டாக்டர் திட்டியபோது எனக்குத் தலை நிமிரவில்லை. அப்போதுதான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அடித்துப்போட்ட மாதிரிச் சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் ஓட வேண்டுமாம். நிலவேம்புக் கசாயமும் கொடுத்தோம், மறைப்பானேன். ஆனால் அவரைக் கரையேற்றியது அளந்து அளந்து ஏற்றிய குளுக்கோஸ்தான்.

ரப்பர் தோட்டத்தில் ஏக்கருக்கு நூற்றெண்பது மரம், பால் வடிய மரத்துக்கு ஒரு சிரட்டை. வெட்டு நிறுத்திய மழைக்காலத்தில் கவிழ்க்காமல் விட்டால் நூற்றெண்பது கொசுத்தொட்டி. ஒரு சிரட்டையைச் சாய்த்துப் பாருங்கள், ஒட்டுப்பால் படிந்த அடியில் புழுக்கள் துள்ளிக்கொண்டு ஆழத்துக்கு ஓடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். காய்ந்த சிரட்டையில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் சாகாமல் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கவிழ்க்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் கவிழ்ப்பதில்லை. அவரிடம் சண்டை போட்டும் ஆயிற்று.

களியக்காவிளை மருமகள்

சுருக்கமாகச் சொல்கிறேன், பிள்ளை தூங்குகிறான். 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா நோயாளி என்று செய்தி வந்தது. பாறசாலையைச் சேர்ந்த கர்ப்பிணிப் பெண். எங்களுக்குப் பாறசாலை அடுத்த ஊர், நான் அப்போது ஐந்து மாதம். ஜிகா பலருக்கு அறிகுறியே காட்டாது, ஆனால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். என் தவறு, கொசுவலையை இரவில் மட்டும் கட்டியது. ஜிகாவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. பிறகு மதியத் தூக்கமும் வலைக்குள்தான். உடலுறவு வழியாகவும் அது பரவும் என்பதை மாமியார் வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது? கணவரிடம் செய்தித்தாளை நீட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பரிசோதனையில் எனக்கு இல்லை என்று வந்தது.

கம்பம்மெட்டு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆறு வயது மகனை நேற்று முன்தினம் ஏலத்தோட்டத்தில் திரியும் பூனை முழங்கையில் பிறாண்டிவிட்டது. இரண்டு கோடு, ரத்தம் கசிந்தது. என் மாமியார் மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டியிருக்கிறார். பூனைதானே என்று விட்டுவிட்டோம். அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. இரண்டு நாள் ஆகிவிட்டதே, இனிப் போனால் பயன் உண்டா?

புளியரைக்காரன்

தங்கச்சி, நானே மூன்றாம் நாள்தான் போனேன். முதலில் கட்டை அவிழ்த்துக் கழுவுங்கள்.

கூடலூர் செவிலி

அம்மா, மற்றதெல்லாம் பிறகு படிக்கலாம். எத்தனை நாள் கழிந்தாலும் ஊசி போட வேண்டும். பூனைக்கும் இந்த நோய் வரும், பிறாண்டலில் எச்சில் பட்டிருக்கும். மிளகாய்ப்பொடி போகும்வரை குழாய் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பையன் அழுவான், அழட்டும். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் கசிந்தது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள், அப்போதுதான் இம்யூனோகுளோபுலின் போடுவார்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசி என்றால் இன்று ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாள்களில். பாதியில் நிறுத்தக் கூடாது. பூனை கண்ணில் பட்டால் பத்து நாள் கவனியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். போய்வந்து இங்கே சொல்லுங்கள்.

குலசேகரம் பால்வெட்டு

அக்கா, ஒரு சந்தேகம். 2025இல் கேரளத்தில் ஊசி போட்ட பிள்ளைகளே இறந்தார்களே? எங்கள் ஊரில் அதைச் சொல்லியே ஊசி வேண்டாம் என்கிறார்கள்.

கூடலூர் செவிலி

அதைச் சொல்லி ஊசியைத் தவிர்ப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. குழந்தை உயரத்துக்கு நாய் பாய்ந்தால் கடி தலையிலும் முகத்திலும் விழுகிறது. அங்கிருந்து மூளை எவ்வளவு தூரம்? தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் உடனே கழுவுவதும், காயத்துக்குள் ஏற்றும் இம்யூனோகுளோபுலினும். அதில் ஒன்று தவறினால் ஊசி மட்டும் என்ன செய்யும்?

என் தவறையும் எழுதிவிடுகிறேன். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா. பேராம்பிராவில் முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி 21ஆம் தேதி இறந்துபோனார். அந்த வாரம் கேரளத்திலிருந்து நாடுகாணி வழியாக வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் நாங்கள் சந்தேகத்தோடு பார்த்தோம். மலப்புரத்துப் பக்கமிருந்து வந்த ஒருவர் காய்ச்சல், தலைவலி, பேச்சில் குழப்பம் என்று என் முன்னால் உட்கார்ந்தார். நிபாவுக்கும் அப்படித்தான் தொடங்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் முகக்கவசம் இல்லாமல் அவர் வாந்தியைத் துடைத்தேன். மேஜை இழுப்பறையில் கவசம் இருந்தது, எடுக்க எட்டடி நடந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். சோதனை முடிவு வரும்வரை மாடி அறையில் தனியே இருந்தேன். மகள் சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டுக் கீழே நின்று கையசைப்பாள். அவருக்கு நிபா இல்லை என்று வந்தது. வந்த பிறகும் இரண்டு நாள் மகளைத் தொடவில்லை.

அந்த ஊர் நோய்க்கு வௌவால் காரணம் என்றதும் இங்கே பலா மரத்தில் தொங்கியவற்றைப் பட்டாசு போட்டு விரட்டினார்கள். விரட்டினால் ஒரு மரத்து வௌவால் பத்து மரத்துக்குப் போகும், வேறென்ன? கடித்த பழத்தைத் தொடாமல், விழுந்த கொய்யாவைப் பிள்ளைகள் பொறுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கேரளத்தில் அன்று பலருக்குப் பரவியது வௌவாலிடமிருந்து நேராக அல்ல, நோயாளியிடமிருந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில்.

சித்தூர்க்காரன்

நிபா, ஜிகா என்று பெரிய பெயர்களுக்கு நடுவே என்னுடையது சாதாரண மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ. கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிப்போம் என்று பாலக்காட்டுப் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு பெருமை உண்டு. கல்யாண வீட்டிலும் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீர்தான் வரும். அன்று பந்தியில் நானே பரிமாறினேன். சூடு தாங்கவில்லை என்று அண்டாவில் இரண்டு வாளிப் பச்சைத் தண்ணீரைக் கலந்தார்கள். நிறம் மாறவில்லை, யாருக்கும் உறுத்தவுமில்லை.

ஒரு மாதம் கழித்து எனக்குப் பசி செத்தது. மீன் வாசனை குமட்டியது. வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டு அக்கா மகள் வளைகாப்பில் கலந்த சாதத்தைக் கையாலேயே உருட்டி எல்லாருக்கும் கொடுத்தேன். ஐந்து நாள் கழித்துக் கண் மஞ்சளானது. கண் மஞ்சளாவதற்கு முந்திய நாள்களில்தான் இந்தக் கிருமி மலத்தில் அதிகமாக வெளியேறும். கழிவறைக்குப் போய்வந்து நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேனா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த வளைகாப்பில் சாப்பிட்ட இரண்டு பேருக்குக் காமாலை வந்தது. நல்லவேளை, அக்கா மகளுக்கு வரவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த மாமா தன்னால்தான் குணமானது என்கிறார். தானாகவே ஆறுகிற நோய் என்று அவரிடம் நான் வாதாடவில்லை, வயதானவர்.

இரண்டு பேரில் ஒருவர் இன்றும் என் கையால் தண்ணீர் வாங்க மாட்டார். சிரித்துக்கொண்டேதான் மறுப்பார்.

கம்பம்மெட்டு

போய்வந்தோம். வெளியே வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர், எல்லாம் நாய்க்கடி. காயத்தில் போட்டபோது மாமியார்தான் பையனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அவனைவிட அதிகமாக அழுதார். பூனை இன்னும் தோட்டத்தில்தான் சுற்றுகிறது, தோட்டக்காரர் கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்று செவ்வாய். அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை.