கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு நாள்: பூங்காக்களையும் நினைவுச்சின்னங்களையும் வழிகாட்டியுடன் பார்ப்பது எப்படி?

மஞ்சக்குப்பம் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. ஒரே பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நாங்கள் பன்னிருவர், தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேன் அமர்த்திக்கொண்டு புதுச்சேரிக்குச் சென்று, அங்குள்ள பூங்காக்களையும் நினைவுச்சின்னங்களையும் நிதானமாகப் பார்த்துவர எண்ணியிருக்கிறோம். ஊர் பக்கத்திலேயே இருப்பதால் மருத்துவமனைக்கும் துணிக்கடைக்கும் திருமணங்களுக்கும் எத்தனையோ முறை போய்வந்திருக்கிறோம். ஆனால் கடற்கரையில் நிற்கும் தூண்கள் எங்கிருந்து வந்தன என்று என் பேரன் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலாக் குழுவுடன் சென்றோம். ஏழு மணி நேரத்தில் பதினோரு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம். வழிகாட்டி ஒலிபெருக்கியில் ஆண்டுகளை வாசித்துக்கொண்டே போனார். மாலையில் வீடு திரும்பியபோது எது எந்த ஆலயம் என்பதே எங்களுக்குக் குழம்பிவிட்டது. எங்களில் இருவருக்கு மூட்டு வலி உண்டு. அவர்கள் பாதி இடங்களில் வேனை விட்டு இறங்கவே இல்லை. ஆகவே இம்முறை வழிகாட்டி தேவைதானா, தேவையென்றால் அவரிடம் என்ன கேட்டுப் பெற வேண்டும், எந்த வரிசையில் போனால் களைப்பின்றிப் பார்க்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம்.

முத்தியால்பேட்டைவாசி:

வணக்கம் அம்மா. நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில்தான். வழிகாட்டியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். வரிசையைப் பற்றி நான் சொல்கிறேன்.

காலையில் முதல் இடமாகத் தாவரவியல் பூங்காவை வைத்துக்கொள்ளுங்கள். 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய இந்தப் பூங்கா ஏறத்தாழ 22 ஏக்கர் பரப்புடையது. எந்தச் செடி இந்த மண்ணில் பிழைக்கும் என்று பயிரிட்டுப் பார்க்கும் சோதனைத் தோட்டமாகவே அது தொடங்கியது என்பதை மனத்தில் கொண்டு நடந்தால், பொம்மை ரயிலும் நீரூற்றும் மட்டுமே கண்ணில் படும் நிலை மாறும். பெரோத்தே என்ற தாவரவியலாளர் இங்கே நெடுங்காலம் உழைத்து, 1870-இல் இந்த ஊரிலேயே காலமானார். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் பூங்கா பல முதுமரங்களை இழந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் அதே நாளில் வேரோடு சாய்ந்ததைக் கண்ட உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெயில் ஏறும் முன் ஒன்றரை மணி நேரம் இங்கே செலவிடுங்கள்.

அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இருதய ஆண்டவர் ஆலயம் அதிகத் தொலைவில் இல்லை. 1907-இல் கட்டி முடிக்கப்பட்ட கோத்திக் பாணிக் கட்டடம் அது. காலை வெளிச்சம் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே இறங்கும்போது உள்ளே சற்று நேரம் அமர்ந்திருந்தால் போதும். பிறகு பாரதி பூங்காவும் அதை ஒட்டிய அருங்காட்சியகமும். இரண்டுக்கும் நடுவே வேன் ஏறி இறங்க வேண்டியதில்லை. நிழலும் அமர இடமும் உண்டு. மூட்டு வலி உள்ளவர்கள் பூங்காவிலேயே இருந்துகொள்ளலாம். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. உங்களுக்குச் சனிக்கிழமை என்பதால் கவலையில்லை.

நண்பகலில் கோயில் நடையும் சாத்தியிருக்கும், ஆலயங்களும் மூடியிருக்கும். அந்த நேரத்தில் சுற்றுவது வீண். சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணிவரை ஓய்வெடுங்கள். அதன்பின் துய்மா வீதியிலுள்ள கப்ஸ் கோயில். வெளியூர்க்காரர்கள் தேவதைகளின் அன்னை ஆலயம் என்று படித்துவிட்டு வந்து வழி கேட்பார்கள். கப்புச்சின் துறவிகளின் கோயில் என்பதால் எங்கள் வாயில் அது கப்ஸ் கோயில். இப்போதுள்ள கட்டடம் 1855-இல் முடிந்தது. ஆலயத்தின் எதிரே கடலைப் பார்த்த சிறு தோட்டத்தில் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை நிற்கிறது. அங்கிருந்து கடற்கரைச் சாலைக்குச் சில அடிகள்தான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: மாலை ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை அனுமதிப்பதில்லை. அதற்குள் எல்லோரையும் இறக்கிவிட்டு, வேன் எந்தக் குறுக்குத் தெருவில் நிற்கும் என்பதை ஓட்டுநரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நடைவழிகாட்டி:

வணக்கம். நான் ஒன்பது ஆண்டுகளாகப் புதுச்சேரியில் சிறு குழுக்களை நடத்திச் சென்று காட்டும் பணியைச் செய்து வருகிறேன். மேலே நண்பர் தந்த வரிசையில் மாற்றம் சொல்ல எனக்கு எதுவுமில்லை. வழிகாட்டியிடம் என்ன கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

எத்தனை இடங்கள் காட்டுவீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் எங்கள் தொழிலைக் கெடுத்தது. எண்ணிக்கையைக் கேட்பவருக்கு எண்ணிக்கையே கிடைக்கிறது. அதற்குப் பதிலாக, பாரதி பூங்காவில் நின்றுகொண்டு அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். அங்கே நின்றது பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை. அந்தக் கோட்டை ஏன் இன்று இல்லை என்பதைக் கடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் ஊரிலிருந்தே தொடங்கிச் சொல்லத் தெரிந்தவரே உங்களுக்கு ஏற்ற வழிகாட்டி.

ஏனென்றால் இந்த இரு ஊர்களின் கதை ஒன்றுதான். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, ஆங்கிலேயருக்குச் சில ஆண்டுகள் தலைமையிடமாக இருந்தது உங்கள் கடலூரின் தேவனாம்பட்டினத்திலுள்ள புனித டேவிட் கோட்டை. 1758-இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி அந்தக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்து இடித்துத் தள்ளினார். மூன்றே ஆண்டுகளில், 1761 ஜனவரியில், பல மாத முற்றுகைக்குப் பிறகு பட்டினியால் பணிந்த புதுச்சேரிக்குள் நுழைந்த ஆங்கிலேயர், கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் வெள்ளையர் பகுதியின் வீடுகளையும் தரைமட்டமாக்கினர். ஆகவே வெள்ளை நகரத்தில் இன்று நீங்கள் காணும் மஞ்சள் சுவர்களும் வளைவு வாசல்களும், 1761-க்கு முன் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேயின் காலத்தவை என்று பலர் எண்ணினாலும், பெரும்பாலும் அந்த அழிவுக்குப் பின் எழுந்தவை. இதைச் சொல்லாமல் ஆளுநர் மாளிகையின் வாசலைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அழிவுக்குத் தப்பியவற்றுள் ஒன்று, பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் ரங்கப்பிள்ளை வீதியில் 1738-இல் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. கீழ்த்தளத்தில் நம் வீடுகளின் மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் வெள்ளைச் சுதைத் தூண்கள். துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும், இருந்த அவர், 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்து, நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் இறந்தார். உள்ளே செல்ல முன்அனுமதி வேண்டும். உங்கள் நாளில் அதற்கு நேரம் போதாது. வேனை ஒரு நிமிடம் மெதுவாகச் செலுத்தச் சொல்லி வாசலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேரன் கேட்ட தூண்களுக்கு வருகிறேன். காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது; 1761-இல் அதையும் இழந்தார்கள். அந்தத் தூண்களின் சிற்பங்களை விரலால் தொடும் தொலைவில் நின்று பார்க்கலாம். கடலைப் பார்த்து நிற்கும் பத்துப் பேரில் ஒருவர்கூட அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ஒவ்வொரு மாலையும் வருத்தம் தருகிறது.

அரியாங்குப்பத்தான்:

கடலூர்ச் சாலையில் வருகிறவர்கள் அரிக்கமேட்டைத் தாண்டித்தானே நகருக்குள் நுழைகிறார்கள்? 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானியருடன் நடந்த வணிகத்தை உலகுக்கு எடுத்துக்காட்டிய இடத்தை விட்டுவிட்டு, நூற்றைம்பது ஆண்டுக் கட்டடங்களைப் பார்க்கச் சொல்வது முறையா?

நடைவழிகாட்டி:

தங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. ஆற்றங்கரைத் தோப்புக்குள் இப்போது கண்ணுக்குத் தெரிவது பிற்காலப் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டடத்தின் செங்கல் இடிபாடு மட்டுமே. அதையே ரோமானியரின் பண்டகசாலை என்று சிலர் காட்டிவிடுகிறார்கள். அங்கே கிடைத்த மணிகளையும் மதுச்சாடிகளின் ஓடுகளையும் அருங்காட்சியகத்தில் நன்றாகப் பார்க்கலாம் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களைத் தோப்புக்குள் நடத்திச் செல்ல நான் துணியமாட்டேன்.

முத்திரையர்பாளையம் மருமகள்:

பாரதி பூங்காவைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் அதன் நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தைப் பற்றி எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊரிலிருந்துதான் அந்த மண்டபத்தின் கதையே தொடங்குகிறது.

எங்கள் மாமியார் சொல்வது இது. விஜயநகரத்து மன்னர் இவ்வழியே சென்றபோது, விளக்குகளால் ஒளிர்ந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று தெரிந்ததும் அவமானம் தாங்காமல் அதை இடிக்க ஆணையிட்டார். ஆயி மன்னனை எதிர்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை; வீட்டைத் தானே இடித்துக்கொள்ள அவகாசம் கேட்டு, அந்த இடத்தில் ஊர் மக்களுக்காகக் குளம் வெட்டினாள். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நகரத்தின் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பிரெஞ்சுப் பொறியாளர்கள் எங்கள் ஊரிலிருந்துதான் வாய்க்கால் வழியே தண்ணீரைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாகவே கிரேக்கக் கோயில் போன்ற அந்த வெண்மண்டபம் எழுந்து, ஆயியின் பெயரைத் தாங்கியது.

சென்ற ஆண்டு உறவினர்களுடன் சென்றபோது அங்கிருந்த ஒரு வழிகாட்டி இந்த மொத்தக் கதையையும் "நடனப் பெண்ணுக்கு நெப்போலியன் கட்டிய மண்டபம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவளுடைய குளத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தன் வீட்டை இழந்து ஊருக்குத் தண்ணீர் தந்தவளை இப்படிச் சுருக்குவது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மிகவும் வலிக்கிறது.

நடைவழிகாட்டி:

தாங்கள் சொல்வது முற்றிலும் சரி, அம்மா. நான் அங்கே இரண்டையும் பிரித்தே சொல்வேன்: மன்னர் கைகூப்பியதும் ஆயி வீட்டை இடித்ததும் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை, முத்திரையர்பாளையத்து நீர் நகருக்கு வந்ததும் அதற்காக மண்டபம் எழுந்ததும் வரலாறு. பிரித்துச் சொல்வதால் ஆயியின் பெருமை குறைவதில்லை. பேரரசர் ஒருவரின் ஆட்சியில் எழுந்த மண்டபத்துக்கு அரசர் பெயரோ ஆளுநர் பெயரோ வாய்க்காமல் ஆயியின் பெயர் வாய்த்திருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லும்போது, கேட்பவர்கள் அந்த மண்டபத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முத்திரையர்பாளையத்துக் குளத்தை இனி வழியிலேயே குறிப்பிடாமல் விடமாட்டேன்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:

அனைவருக்கும் எங்கள் பன்னிருவர் சார்பில் நன்றி. சென்ற சனிக்கிழமை போய்வந்தோம். இங்கே எழுதிய வழிகாட்டி ஐயாவையே அமர்த்திக்கொண்டோம், ஆறே இடங்கள். தாவரவியல் பூங்காவில் ஒன்றரை மணி நேரம் என்று திட்டமிட்டு இரண்டேகால் மணி நேரம் இருந்துவிட்டதால், இருதய ஆண்டவர் ஆலயத்தை வெளியிலிருந்து மட்டும் பார்க்க நேர்ந்தது. பின்னால் செல்பவர்கள் அந்தப் பூங்காவுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூட்டு வலி உள்ள இருவரும் ஆயி மண்டபத்தின் நிழலில் அமர்ந்து முழுக் கதையையும் கேட்டார்கள். அவர்களில் ஒருவர், தம் தாய்வீட்டுத் தெருவிலும் இப்படி ஒரு தாசியின் பெயரில் குளம் இருந்ததாகவும் இப்போது அது மனையாகிவிட்டதாகவும் சொன்னார். அதன்பின் அருங்காட்சியகத்துக்குப் போகவே சிறிது நேரம் யாருக்கும் மனம் வரவில்லை.

மாலையில் 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவுச்சின்னத்தையும், 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தையும் நடந்தே பார்த்தோம். செஞ்சித் தூண்கள் எட்டையும் என் பேரனுக்காகத் தனித்தனியே படம் எடுத்து வந்திருக்கிறேன்.

வழிகாட்டி ஐயா மாசியில் கடலூருக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். 1690-இல் ஆங்கிலேயர் புனித டேவிட் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த எல்லைவரை உள்ள ஊர்களும் அவர்களுக்குச் சேர்ந்தன என்பதையும், குண்டு உப்பலவாடி என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பதையும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே நின்று சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். தேவனாம்பட்டினத்தில் இடிபாடுகளை ஒட்டி வேன் நிறுத்த வசதி உண்டா என்பது தெரிந்தவர்கள் இங்கேயே எழுதினால் உதவியாக இருக்கும்.