பைத்தான் 3.8-ஐ விட்டு நகர வேண்டும், விண்டோஸ் 7 பயனர்களை என்ன செய்வது?

கேள்வி:
பைத்தான் மொழியில் எழுதி, பைஇன்ஸ்டாலரில் (பைத்தான் இல்லாத கணினியிலும் ஓடும்படி நிரலைக் கட்டும் கருவி) கட்டிக் கொடுக்கும் ஒரு டெஸ்க்டாப் மென்பொருளைப் பராமரிக்கிறேன். பயனர்களில் கணிசமானோர் இன்னும் விண்டோஸ் 7-இல்தான் இருக்கிறார்கள், அவர்களுக்காகவே 3.8-ஐ விடாமல் வைத்திருக்கிறேன். ஆனால் 2024 அக்டோபரோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன, லைப்ரரிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. சரி என்று 3.12-இல் கட்டிப் பழைய கணினியில் ஓட்டினால், 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று தொடங்கும் டிஎல்எல் (நிரல்கள் பயன்படுத்தும் விண்டோஸின் துணைக் கோப்பு) இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. அந்த டிஎல்எல்லை வலையில் தேடி எடுத்துப் போட்டால் ஓடும் என்கிறார்கள். போடலாமா?

பதில் 1:
தயவுசெய்து போடாதீர்கள். பைத்தான் 3.9-இலிருந்தே விண்டோஸ் 7-க்கு ஆதரவு கிடையாது. இன்று அந்த ஒரு கோப்பை வைத்துத் திறக்கும், அடுத்த பதிப்பில் வேறொன்று இல்லை என்று நிற்கும், அப்புறம் யாரோ ஏற்றிவைத்த டிஎல்எல்லுக்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.
நிரலை இரண்டு கிளைகளாகப் பிரித்துவிடுங்கள், விண்டோஸ் 7-க்கு 3.8-இல் ஒன்று, மற்றவர்களுக்குப் புதிய பைத்தானில் ஒன்று. 3.8 கிளையில் புது வசதி எதுவும் சேர்க்காமல், தரவைக் கெடுக்கும் பிழைகளை மட்டும் திருத்துங்கள். முக்கியமாகத் தானியங்கி அப்டேட்டைப் பாருங்கள், அது ஓஎஸ் (இயங்குதளம்) பதிப்பைப் பார்க்காமல் புதியதை இறக்கினால் நேற்றுவரை ஓடியதும் ஓடாது. கோப்பு வடிவத்துக்கும் ஒரு பதிப்பு எண் வையுங்கள், புதியதில் சேமித்ததைப் பழையது பாதி படித்து மேலெழுதிவிடக் கூடாது.

பதில் 2:
எனக்கு இதில் உடன்பாடில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது, காசு கொடுத்து வாங்கும் நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது, அதற்கான குரோமும் 109-வது பதிப்போடு நின்றுவிட்டது. இனியும் நாம் ஆதரித்தால், அந்தக் கணினியை இணையத்தில் வைத்திருப்பது பரவாயில்லை என்று சொல்வதாகிவிடும். தேதி சொல்லி முடித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
என் பயனர்களில் பலர் இணையத்தில் இணைக்கவே இல்லை. கணினியோடு ஒரு அளவீட்டுக் கருவி இருக்கிறது, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் விண்டோஸ் 10-இல் ஓடாது. கணினியை மாற்றினால் நன்றாக வேலை செய்யும் கருவியையும் தூக்கிப்போட வேண்டும்.

பதில் 2:
அப்படியென்றால் வேறு கதை, கிளை பிரிப்பதுதான் சரி. ஆனால் அந்தக் கிளையிலிருந்து இணையத்தைத் தொடும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அப்டேட் உட்பட. பென்டிரைவில் கொடுக்கலாம்.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் விர்ச்சுவல் மெஷினில் மட்டும் சோதித்து வெளியிடாதீர்கள், உங்கள் வேகமான எஸ்எஸ்டி வட்டு எல்லா மந்தத்தையும் மறைத்துவிடும். பைஇன்ஸ்டாலரில் ஒரே கோப்பாகக் கட்டியிருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லாவற்றையும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில், அதுவும் ஆன்ட்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பையும் சோதிக்கும்போது, திறக்கவில்லை என்று நினைத்துப் பயனர் மறுபடி மறுபடி கிளிக் செய்வார். ஃபோல்டராகக் கட்டி இன்ஸ்டாலரில் கொடுங்கள். அந்த இன்ஸ்டாலரே ஓஎஸ் பதிப்பைப் பார்த்து, 'உங்களுக்கான பதிப்பு இது' என்று புரியும் மொழியில் சொல்லட்டும்.