பல்கேரியாக்காரர்களோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கென்ட்வாசி:
2025 டிசம்பரில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். எங்கள் வேர்ஹவுஸில் எனக்குப் பக்கத்து மேசை ஒரு பல்கேரிய அம்மா. 2014இல் பிரிட்டன் வேலைக் கட்டுப்பாட்டை நீக்கிய கையோடு வந்தவர். 2026 பட்ஜெட்டில் சமூகக் காப்பீட்டுச் சந்தாவை ஏற்றப் போகிறார்கள் என்று பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் கூட்டம் கூடியது, பட்ஜெட்டைத் திரும்பப் பெற்ற பிறகும் கூட்டம் கலையவில்லை, அதெல்லாம் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இவருடைய மகள் அங்கேதான் படிக்கிறாள், சதுக்கத்திலிருந்து வீடியோ வீடியோவாக அனுப்புவாள். டிசம்பர் 11 அன்று இடைவேளையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பிரதமர் ஜெலியாஸ்கோவின் அரசு ராஜினாமா என்று செய்தி வந்தது. நாங்கள் எல்லாரும் ஓடிப்போய்க் கை கொடுத்தோம். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு விரல் மடக்க ஆரம்பித்தார். 2021 ஏப்ரல், ஜூலை, நவம்பர், 2022 அக்டோபர், 2023 ஏப்ரல், 2024 ஜூன், மறுபடி அக்டோபர். ஏழு பொதுத்தேர்தல், ஏழுக்கும் லண்டனில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர். எட்டாவது விரலை மடக்காமல் அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இவள் படிப்பை முடித்து அங்கேயே இருந்தால் போதும், யார் ஆண்டால் என்ன" என்றார். அந்த நீட்டிய விரல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ப்ளோவ்டிவ்_மாணவி:
நான் பல்கேரியாவில் ப்ளோவ்டிவ் நகரில் மருத்துவம் படிக்கிறேன். பிறந்தது லண்டன், அப்பா அம்மா யாழ்ப்பாணம். இங்கே வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டும் கதையையே சொல்வார்கள் (ஆமாம் என்றால் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இல்லை என்றால் மேலே தூக்குவார்கள்), அது இரண்டு வாரத்தில் பழகிவிடும். எனக்குப் பழகாதது கதவில் ஒட்டும் தாள்கள். ஒவ்வொரு கட்டிட வாசலிலும், பஸ் நிறுத்தத்திலும், மரத்திலும் ஏ4 தாளில் இறந்தவரின் படம், கருப்புச் சிலுவை, கீழே நாலு வரி. முஸ்லிம் என்றால் பச்சையில் பிறை. நெக்ரோலாக் என்பார்கள். இறந்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறு மாதம், ஒரு வருடம், அப்புறம் வருடா வருடம். கூடப் படிக்கிற ஆங்கிலப் பிள்ளைகள் இதைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலியும் 31ஆம் நாள் நினைவஞ்சலியும் பார்த்த எனக்குப் பயம் வரவில்லை, ஊருக்குப் போன மாதிரிதான் இருந்தது.

என் வீட்டுக்கார அம்மாவின் கணவர் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். நாற்பதாம் நாளுக்கு முந்தின மாலை கதவைத் தட்டினார், கையில் தாள்களும் செலோடேப்பும். அவருக்குக் கை எட்டாது, கதவின் மேல்பகுதியில் நான் ஒட்ட வேண்டும். ஒட்டினேன். அவர் நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார், ஒரு மூலை காற்றுக்குத் தூக்கிக்கொண்டே இருந்தது, அதற்கு மட்டும் இன்னும் இரண்டு துண்டு டேப். பிறகு தள்ளி நின்று போனில் அந்தக் கதவைப் படம் எடுத்து சிகாகோவில் இருக்கிற மகனுக்கு அனுப்பினார். மகனால் வர முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் அவித்த கோதுமை, மேலே சர்க்கரையும் வால்நட்டும், என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மழையில் ஊறி மை கரைந்த பழைய தாள்கூட அந்தக் கதவில் இருக்கிறது. அதை யாரும் கிழிப்பதில்லை.

சோஃபியாவாசி:
கென்ட்வாசிக்கு ஒரு வார்த்தை. "யார் ஆண்டால் என்ன" என்று அந்த அம்மா சலிப்பில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் சோஃபியாவில் ஐடி வேலையில் இருக்கிறேன், அந்தக் கூட்டத்தை நேரில் பார்த்தேன். சந்தா உயர்வு வெறும் தீக்குச்சிதான். கோபம் முழுக்க பேயெவ்ஸ்கி என்ற அரசியல்வாதி மேல். ஊழல் குற்றச்சாட்டில் அமெரிக்கா 2021இலும் பிரிட்டன் 2023இலும் தடை விதித்த ஆள் அவர், அவருடைய கட்சியின் ஆதரவில் அரசு நின்றதைத்தான் அந்தப் பிள்ளைகளால் பொறுக்க முடியவில்லை. இத்தனை தேர்தல் நடந்தும் ஒன்றும் மாறவில்லை என்பதற்காக இருபது வயதுப் பிள்ளைகள் வீட்டில் உட்காரவில்லையே, அதுதான் பெரிய விஷயம். 1980களின் கடைசியில் கிட்டத்தட்ட 90 லட்சம் பேர் இருந்த நாட்டில் 2021 கணக்கெடுப்புப்படி 65 லட்சம் பேர்தான். மிச்சப் பேரில் பலர் உங்கள் பக்கத்து மேசைகளில்தான் இருக்கிறார்கள். அந்த மகள் சதுக்கத்தில் நிற்பதே ஊரில் இருக்கத்தானே?

சரி, என் அனுபவம். 2026 ஜனவரி 1 முதல் இங்கே யூரோ. முதல் மாதம் பழைய பணமான லெவாவும் செல்லுபடியானது, யூரோவும் செல்லுபடியானது, மீதிச் சில்லறை மட்டும் யூரோவில்தான் தந்தார்கள். எங்கள் தெரு பேக்கரியில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர், பனிட்சா என்ற சீஸ் பலகாரம் ஒன்று வாங்க லெவா நோட்டை நீட்டினார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறோம். கடைக்காரப் பெண் ஒரு யூரோவுக்கு 1.95583 லெவா என்று கணக்குப் போட்டுச் சில்லறை கொடுத்தாள். பெரியவர் நகரவில்லை. இங்கே வயதானவர்களுக்கு இது சாதாரணக் கணக்கு கிடையாது. 1996-97 குளிர்காலத்தில் வங்கிகள் விழுந்து, பணத்தின் மதிப்பு வாரத்துக்கு வாரம் கரைந்து, ஆயுள் சேமிப்பு காணாமல் போனதைப் பார்த்தவர்கள். 1997இல் லெவாவை ஜெர்மன் மார்க்கோடு கட்டிய பிறகுதான் மூச்சு விட்டார்கள், அந்த மார்க்கின் விகிதம்தான் இன்றைக்கும் யூரோ விகிதம். ஆக, புதிதாக ஒன்றும் இல்லை என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வது உண்மைதான். அந்தப் பெரியவருக்கு அது போதாது. இரண்டு யூரோ நாணயத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து மெதுவாகச் சுற்றினார். முகப்பில் 1762இல் பல்கேரியரின் வரலாற்றை எழுதிய பாய்சி துறவி, விளிம்பில் "கடவுளே பல்கேரியாவைக் காப்பாற்று". முழு வரியையும் வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டுத்தான் பர்ஸில் போட்டார். வரிசையில் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை.

ஸ்டுட்கார்ட்_அண்ணா:
யேர்மனியில் ஒரு மருத்துவமனையில் சுத்திகரிப்பு வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்கிற அக்காவை எல்லாரும் துருக்கிக்காரி என்றுதான் நினைத்திருந்தோம். பல்கேரியாவின் தெற்கில் கர்ஜாலிப் பக்கத்துத் துருக்கி இனத்தவ அவ. ஒரு நாள் அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள் என்று இரண்டு தாள்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தா. ஒரே பிறந்த திகதி, ஒரே ஊர், இரண்டு பெயர். 1984-85 குளிர்காலத்தில் ஜிவ்கோவின் கம்யூனிஸ்ட் அரசு துருக்கியரின் பெயர்களை எல்லாம் பறித்து ஸ்லாவ் பெயர் வைத்தது, கிராமத்தைச் சுற்றிப் பொலிஸும் இராணுவமும் நிற்க, ஒரு பட்டியலைக் காட்டி இதில் ஒன்றை எடு என்றார்களாம். அப்போது அவ பள்ளிக்கூடப் பிள்ளை. செத்துப் போன தாத்தாவின் பெயரைக்கூடப் பதிவேட்டில் மாற்றி எழுதினார்கள் என்று சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. பாரம் தூக்கும் நயீம் சுலைமானோக்லு இதே ஆக்களில் ஒருவர். அவரை நௌம் ஷலமானோவ் ஆக்கினார்கள். 1986இல் மெல்பர்ன் போட்டியில் வைத்துத் தப்பி, 1988 சியோலில் துருக்கிக்குத் தங்கம் எடுத்தார். அந்தப் போட்டியைத் தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தோம் என்றா. அடையாள அட்டையில் இருக்கிற பெயருக்காகவே செக்பொயின்ரில் இறக்கப்பட்ட ஆக்கள் நாங்கள், அந்த இரண்டு தாள்களையும் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோவைக்காரர்:
நான் வேலை விஷயமாகப் போனவன். மார்ச் 1 அன்று அலுவலகத்தில் ஒரு பெண் என் மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டினார், மார்தெனித்சா. நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும் வரை கழற்றக் கூடாதாம், பார்த்ததும் மரத்தில் கட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் நீட் தேறாமல் போகவே போகாதீர்கள், திரும்பி வந்து இங்கே பதிவு செய்ய முடியாது. படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது, ஆங்கில வழியில் இருக்க வேண்டும், பன்னிரண்டு மாத இன்டர்ன்ஷிப் அங்கேயே முடிக்க வேண்டும், 2021 விதி இது. ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் நீங்களே படியுங்கள். பாடம் ஆங்கிலத்தில் என்றாலும் வார்டில் நோயாளி பல்கேரிய மொழியில்தான் பேசுவார், முதல் வருடமே அதை உட்கார்ந்து படித்துவிடுங்கள். விமான வழிக்கு 2024 மார்ச் 31லிருந்தும் தரை வழிக்கு 2025 ஜனவரி 1லிருந்தும் பல்கேரியா ஷெங்கன் என்ற எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய வட்டத்தில் இருக்கிறது, ருமேனியா, கிரீஸ் எல்லாம் ஒரே விசாவில் போகலாம். பழைய லெவா வீட்டில் கிடந்தால் பதற வேண்டாம், பல்கேரிய தேசிய வங்கியில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், தெருவில் மாற்றித் தருகிறேன் என்று வருபவனிடம் மட்டும் கொடுக்காதீர்கள். ரிலா மடத்துக்குப் போவதானால் சனி ஞாயிறு வேண்டாம்.

ப்ளோவ்டிவ்_மாணவி:
கோவை ஐயா, தகவல் எல்லாம் சரிதான், வார்டு விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் இங்கே யாரும் அட்மிஷன் பற்றிக் கேட்கவில்லையே, அந்த நூலை எந்த மரத்தில் கட்டினீர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

ஸ்டுட்கார்ட் அண்ணா, அந்த அக்காவின் குடும்பம் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டதா?

கோவைக்காரர்:
அலுவலக வாசலில் ஒரு பிளம் மரம் தங்கச்சி. எனக்கு முன்னாலேயே ஐம்பது அறுபது நூல் அதில் தொங்கியது.

ஸ்டுட்கார்ட்_அண்ணா:
தங்கச்சி, இன்று அவவிடமே கேட்டேன். 1989 கோடையில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஆக்கள் துருக்கிக்குப் போனார்கள் இல்லையா, இவர்களும் துருக்கியின் பர்சா நகரம் வரை போய், ஜிவ்கோவ் விழுந்த பிறகு திரும்பி வந்தார்களாம். 1990இல் பெயரைத் திருப்பித் தரும் சட்டம் வந்ததும் அம்மாவும் பிள்ளைகளும் போய் மாற்றிக்கொண்டார்கள். அப்பா மட்டும் போகவில்லை. கேட்காமல் எடுத்தவர்கள் கேட்காமலே திருப்பித் தரட்டும், நான் ஏன் மனு எழுத வேண்டும் என்று இருந்துவிட்டார். 2012இல் பாராளுமன்றம் அந்தக் கொடுமையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டபோது அவர் உயிரோடு இல்லை. ஓய்வூதியப் புத்தகத்தில் கடைசி வரை அந்த ஸ்லாவ் பெயர்தான் இருந்தது, கல்லறைக் கல்லில் பிள்ளைகள் சொந்தப் பெயரை வெட்டினார்கள்.