மகள்களின் பெயரும் படைப்பட்டியலில் ஏற வேண்டுமா?

தட்டோன் அம்மா
எல்லோருக்கும் வணக்கம். இங்கே மியான்மரில், போன வாரம் வார்டு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலுக்காகக் குடும்பப் பட்டியலைக் கேட்டார்கள். மகன் பெயரை முன்பே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் இப்போது தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். இந்தத் தடவை மகளின் வயதைக் கேட்டார்கள். இருபது என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மக்கள் இராணுவப் பணிச் சட்டம் 2010 நவம்பரில் எழுதப்பட்டது. பதின்மூன்று வருடம் காகிதத்திலேயே கிடந்ததை இராணுவ ஆட்சியாளர்கள் 2024 பிப்ரவரி 10 அன்று அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. டாக்டர், இன்ஜினியர் போன்ற தொழில் படித்தவர்கள் என்றால் ஆணுக்கு 45 வரை, பெண்ணுக்கு 35 வரை. பொதுவாக இரண்டு வருடப் பணி, தொழில் படித்தவர்களுக்கு மூன்று, நெருக்கடி நிலையில் ஐந்து வருடம் வரை நீட்டலாம். போகாவிட்டால் ஐந்து வருடம் வரை சிறை. பெண்களை ஆள் எடுக்கும் ஐந்தாவது சுற்றிலிருந்து எடுப்போம் என்று முதலில் சொன்னார்கள், சில நாளிலேயே இப்போதைக்கு எடுக்கமாட்டோம் என்றார்கள். ஆனால் சட்டத்தில் பெண்களுக்கான வரி அப்படியே இருக்கிறது.

மகன் இருப்பவர்கள், மகள் இருப்பவர்கள், இரண்டும் இருப்பவர்கள் எல்லோரும் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். பெண்கள் பெயரைப் பதிய வேண்டும் என்பது நியாயமா?

பெகு மணி
அக்கா, நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன். எனக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள்.

எங்கள் தெருவில் குலுக்கல் போட்டார்கள். பேர் விழுந்தவன் போக வேண்டும், இல்லையென்றால் அவனுக்குப் பதிலாக ஆள் பிடித்துப் பணம் கொடுக்க வேண்டும். நான் கடையில் இருந்த சரக்கை விற்றுப் பணம் கட்டினேன். ஒரு பிள்ளைக்குத்தான் கட்ட முடிந்தது. பெரியவன் ரப்பர் தோட்ட வேலைக்கு என்று தாய்லாந்து பக்கம் போனான், நான்கு மாதமாகச் சரியான தகவல் இல்லை. எதிர்வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், எனக்கு அவர்கள் மேல் கோபம் கிடையாது. ஆனால் நாட்டின் சுமை என்று ஒன்று இருந்தால் அது ஏன் பையன் பெற்றவன் வாசலில் மட்டும் வந்து நிற்க வேண்டும்?

நார்வேயில் 2015இலிருந்து ஆண் பெண் இருவருக்கும் ஒரே சட்டம். ஸ்வீடன் பெண்களையும் சேர்த்துத்தான் கட்டாயப் பணியைத் திரும்பக் கொண்டுவந்தது. டென்மார்க் 2025 ஜூலையில் பெண்களையும் சேர்த்தது. படிப்பில் சமம், சொத்தில் சமம் என்று நாம்தான் சொல்கிறோம். அப்புறம் பட்டியலில் மட்டும் சமம் வேண்டாம் என்றால் எப்படி?

செவிலித் தங்கை
மணி அண்ணா, உங்கள் பெரிய பிள்ளையிடமிருந்து நல்ல தகவல் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் வாதம்.

நார்வேயைச் சொன்னீர்கள். அங்கே ஒரு வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் எடுப்பதில்லை, சிறு பகுதியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். படையில் மேலதிகாரி தவறு செய்தால் புகார் கொடுக்க இடம் இருக்கிறது, பத்திரிகை எழுதும், நாடாளுமன்றம் கேட்கும். அந்த அரசை அங்குள்ள பெண்களே ஓட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள், அடுத்த தேர்தலில் மாற்றவும் முடியும். இதில் எது இங்கே இருக்கிறது?

நமக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நாடு எரித்ரியா. 1995இல் ஆண் பெண் இருவருக்கும் தேசியப் பணியைக் கட்டாயமாக்கினார்கள், பதினெட்டு மாதம் என்று சட்டம். 1998இல் எத்தியோப்பியாவோடு போர் வந்த பிறகு முடிவே இல்லாமல் நீண்டது. முகாமில் பெண்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை ஐ.நா. விசாரணைக் குழு எழுதி வைத்திருக்கிறது. அதற்குப் பயந்து அங்கே பெண் பிள்ளைகள் சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள், ஏனென்றால் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிடுகிறார்கள்.

நம் சட்டத்திலும் அதே விலக்கு. கல்யாணமான பெண்ணுக்கு விலக்கு, மணமுறிவு ஆகிப் பிள்ளையோடு இருப்பவருக்கு விலக்கு. 2024 பிப்ரவரி, மார்ச்சில் என் கண் முன்னால் மூன்று கல்யாணம் நடந்தது. ஒரு பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. மாப்பிள்ளையை அவள் பார்த்தது நிச்சயத்தன்று. பத்திரிகை அடிக்கக்கூட நேரமில்லை. கோவிலில் பதினைந்து பேர் முன்னால் தாலி கட்டிவிட்டுச் சான்றிதழ் வாங்க ஓடினார்கள். அவள் நர்சிங் படிக்க என்னிடம் புத்தகம் கேட்டு வாங்கி வைத்திருந்தவள். போன மாதம் கைக்குழந்தையோடு வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

எதிர்வீட்டுப் பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றீர்கள், அண்ணா. அந்த வீட்டுக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

மோல்மீன் தாத்தா
பெண் பிள்ளைகளுக்கு உடம்பு தாங்காது, துப்பாக்கி தூக்க முடியாது என்று நம் ஆட்கள் கோவிலில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்கிறேன். இந்தக் காரணத்தை மட்டும் யாரும் இங்கே எடுத்துக்கொண்டு வர வேண்டாம். 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கான ஜான்சி ராணி படை சிங்கப்பூரில் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். கேப்டன் லட்சுமி தலைமை. அடுத்த வருடம் ரங்கூனுக்கும் மேமியோவுக்கும் வந்தார்கள். இங்கிருந்தும் பெண்கள் சேர்ந்தார்கள். துப்பாக்கிப் பயிற்சி எடுத்தார்கள், காயம்பட்டவர்களைப் பார்த்தார்கள், பின்வாங்கும்போது காட்டு வழியில் நடந்தார்கள். ரப்பர் பால் வெட்டிய கைகள் அவை.

ஒரே ஒரு விஷயம். யாரும் வீடு வீடாக வந்து வயது கேட்டு அவர்களை எழுதிக்கொண்டு போகவில்லை. அவர்களாக வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

பெகு மணி
தாத்தா, அதைத்தான் நானும் கேட்கிறேன். என் பிள்ளைகளும் கையெழுத்துப் போடவில்லையே! விருப்பம் இல்லாமல் பெண்ணை எடுப்பது கொடுமை என்றால் ஆணை எடுப்பது என்ன? இந்த விவாதத்தில் ‘பெண்களை எடுக்கக்கூடாது’ என்று எழுதும் ஒவ்வொருவரும் அடுத்த வரியில் ‘ஆண்களையும் எடுக்கக்கூடாது’ என்று எழுத மறந்துவிடுகிறார்கள். அது எனக்கு வலிக்கிறது.

அமெரிக்காவில் இப்படித்தான். பதினெட்டு வயதுப் பையன்கள் மட்டும் பெயர் பதிய வேண்டும். 1981இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது. பெண்கள் போர்முனைக்குப் போவதில்லை, அதனால் பதிய வேண்டாம் என்று காரணம் சொன்னது. பிறகு போர்முனை வேலைகள் எல்லாவற்றையும் பெண்களுக்குத் திறந்துவிட்டார்கள். காரணம் போய்விட்டது, ஆனால் பெண்களைப் பட்டியலில் சேர்க்க மட்டும் அங்கே மனம் வரவில்லை. பையன் என்றால் எடுக்கலாம் என்று உலகத்துக்கே ஒரு பழக்கம் இருக்கிறது.

செவிலித் தங்கை
நான் மறக்கவில்லை அண்ணா, எழுதாமல் விட்டது தப்புதான். இப்போது எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளையும் எடுக்கக்கூடாது. ஆனால் ஒரு குழியில் ஒருவர் விழுந்துவிட்டார் என்பதற்காக நியாயம் பார்த்து இன்னொருவரையும் தள்ள வேண்டுமா? பட்டியல் பெரிதானால் உங்கள் பையன் பெயர் விழும் வாய்ப்பு குறையும் என்று நினைக்கிறீர்களா? மாதம் ஐயாயிரம் பேர், வருடம் அறுபதாயிரம் என்று இராணுவத்தினரே கணக்குச் சொன்னார்கள். தகுதி உள்ள ஆண்கள் மட்டும் 63 லட்சம், பெண்கள் 77 லட்சம் என்றும் சொன்னார்கள். ஆட்கள் போதாமல் பெண்களைக் கேட்கவில்லை. பட்டியலில் பேர் இருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் பயம் இருக்கும், பயம் இருந்தால் பணம் வரும். என் கணிப்பு இது.

ரங்கூன் 19
நான் அந்தப் பட்டியலில் இருக்கிற பெண். அதனால் நானும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

மணி அங்கிள் சொல்வதில் ஒரு பாதி எனக்குப் புரிகிறது. என் கூடப் படித்த பையன்களில் வகுப்பில் இருந்த பதினொரு பேரில் இப்போது ஊரில் இருப்பது இரண்டு பேர். நாங்கள் பெண்கள்தான் காய்கறி வாங்கப் போகிறோம், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம், வாடகை கட்டுகிறோம். சாயந்திரம் ஆனால் தம்பியை வெளியே விடுவதில்லை. இரவு ரோந்து வந்தால் எழுந்து கதவைத் திறப்பது நானும் அம்மாவும்தான். பையன்கள் மேல் விழுந்த சுமையில் எங்களுக்குப் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் வருத்தமாக இருக்கிறது.

‘பெண் பிள்ளை, பாவம், விட்டுவிடுங்கள்’ என்று பெரியவர்கள் பேசுவதும் எனக்கு வேண்டாம். சகாயிங் பக்கம் பெண்கள் இராணுவ ஆட்சியை எதிர்த்துத் தனிப் படையே அமைத்துத் துப்பாக்கி எடுத்தார்கள். அவர்கள் யாருக்காக எடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என்னால் முடியாது என்பதால் நான் மறுக்கவில்லை. என் ஊர்க்காரர்களைப் பார்த்துச் சுடச் சொல்வார்கள் என்பதால் மறுக்கிறேன். என் தம்பியும் அதற்காகத்தான் மறுக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான்.

இன்னொன்று. நாங்கள் வைத்திருப்பது நீல அடையாள அட்டை. 1982 குடியுரிமைச் சட்டப்படி இது முழுக் குடியுரிமை இல்லை, இணைக் குடியுரிமை. அப்பாவின் அட்டைக்காகத் தாத்தா எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார் என்று வீட்டில் இன்றும் பேசுவார்கள். எந்த வருடம் வந்தீர்கள், கொள்ளுத்தாத்தா எங்கே பிறந்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். படைப்பட்டியலில் என் பெயரை எழுத வந்தவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பேனாவை எடுத்தார், எழுதினார்.

மோல்மீன் தாத்தா
பேத்தி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

பெகு மணி
மகளே, ‘காரணம் ஒன்றுதான்’ என்று சொன்னாயே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் என் கருத்தை முழுக்க மாற்றிக்கொண்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். நாளைக்கு நல்ல அரசு ஒன்று வந்து, நாமே ஓட்டுப் போட்ட அரசு வந்து, நாட்டுக்குப் படை வேண்டும் என்று கேட்டால் அன்றைக்கும் பையன்களை மட்டும் எழுதக்கூடாது. அன்றைக்கு ஆண் பெண் இரண்டு பேரையும் எழுத வேண்டும். கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பிரிவும் இருக்கக்கூடாது. அதில் நான் நிற்கிறேன்.

செவிலித் தங்கை
அன்றைக்கு நானும் அதற்குக் கை தூக்குவேன். பெயர் எழுதும்போது மருத்துவப் பிரிவா, பேரிடர் மீட்பா என்று விருப்பமாவது கேட்டு எழுத வேண்டும் என்பேன். இன்றைக்கு இருக்கும் பட்டியலுக்கு இல்லை.

தட்டோன் அம்மா
எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். 2024இல் இந்தச் சட்டத்துக்குப் பயந்து பாஸ்போர்ட் வாங்க மாந்தலே அலுவலகத்தில் கூடிய கூட்டத்தில் நசுங்கி இரண்டு பேர் இறந்தது முதல் அவளை வெளியே அனுப்பவே எனக்குப் பயம். அதனால் கல்யாணப் பேச்சு எடுத்திருந்தேன். இங்கே சொல்லாமல் மறைத்துவிட்டேன். ஒரு வரன் வந்திருந்தது. செவிலித் தங்கை எழுதியதைப் படித்த பிறகு தரகரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், வயதான பெற்றோரைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் தள்ளிவைப்பு உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. அவள் தொலைதூரக் கல்வியில் இரண்டாம் வருடம். கல்லூரிக் கடிதத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். இப்படித் தள்ளிவைப்பு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

பெகு மணி
அக்கா, என் கடைசிப் பையனுக்கு வாங்கினோம். குடும்பப் பட்டியல் நகல், அடையாள அட்டை நகல், கல்லூரிக் கடிதம் மூலப்பிரதி, வார்டு பரிந்துரை. எல்லாவற்றிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் தேதி பழையதாக இருக்கிறது என்று ஒருமுறை எங்களைத் திருப்பி அனுப்பினார்கள், அதனால் கல்லூரிக் கடிதம் கைக்கு வந்த அன்றே போய்விடுங்கள். மகளைத் தனியாக அனுப்ப வேண்டாம், கூடப் போங்கள்.

தட்டோன் அம்மா
நன்றி தம்பி. பெரியவனிடமிருந்து தகவல் வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டில் இருக்கும் என் மகனிடமும் விசாரிக்கச் சொல்கிறேன். பிள்ளையின் ஊர், வயது மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பெயரை இங்கே போட வேண்டாம்.