பெரியவர்களின் மாத்திரைப் பையைப் பிரித்து எழுத ஆட்கள் தேவை

வணக்கம். பென்னாகரம், பாலக்கோடு, சூளகிரி, தளி பக்கம் இருப்பவர்களிடம் ஓர் உதவி. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா? வயதானவர்களின் மஞ்சப்பையைக் கொட்டி, ஒவ்வொரு அட்டையிலும் உள்ள மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை என்று ஒரே தாளில் எழுத வேண்டும்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் நறுக்கிக் கொடுக்கும் துண்டு அட்டையில் பல நேரம் பெயரே இருக்காது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் 325 மில்லிகிராம் கலந்தே வருகிறது. அது தெரியாமல் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650-ஐயும் போட்டால் கணக்கு தப்பிவிடும். வயதானவர்களுக்குப் பாராசிட்டமால் மொத்தம் நாளொன்றுக்கு 3,000 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மெலிந்த உடம்பு, கல்லீரல் கோளாறு, குடிப்பழக்கம் இருந்தால் அதற்கும் குறைவு. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்குப் பெரிய கவலை சிறுநீரகம்தான். பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர் டைக்ளோஃபினாக்கும் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், பிரஷரும் ஏறும். கால் வீக்கம், சிறுநீர் குறைவு, அல்லது வயிற்றில் ரத்தக் கசிவைக் காட்டும் தார் மாதிரி கறுத்த மலம் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

குடிப்பது போர் தண்ணீரா, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரா என்பதையும் குறியுங்கள். போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு உப்பால் முதுகும் கழுத்தும் இறுகியவருக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தச் சொல்ல வேண்டாம். தாள் டாக்டர் கைக்குப் போகட்டும். தளிப் பக்கத்துக்குக் கன்னடம், தெலுங்கு பேசுபவர்கள் கட்டாயம் வேண்டும். வரமுடிந்தவர்கள் ஊர்ப் பெயரைக் கீழே போடுங்கள்.