போஸ்ட்டிராப் வார்னிங், பெர்மிஷன் சிக்கல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

இரவுப்பணி எழுதியது:

ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழையைத் திறக்கிறேன்.

மெயில் சர்வர் ஒன்றில் யூஎஸ்ஆர் டைரக்டரி முழுவதையும் சிஎச்ஓன் (ஃபைலின் உரிமையாளரையும் குரூப்பையும் மாற்றும் கமாண்ட்) ரிகர்சிவாக ஓட்டி ரூட்:ரூட் (எல்லாம் நிர்வாகிக்கே சொந்தம்) ஆக்கிவிட்டேன். பாதைக்கு முன்னால் இருக்க வேண்டிய ஒரு புள்ளி விடுபட்டுவிட்டது, அவ்வளவுதான். சூடோ உடனே செத்தது. ரூட் செஷன் ஒன்று திறந்தே இருந்ததால் சூடோ, எஸ்யூ, பாஸ்வேர்ட் கமாண்ட் எல்லாவற்றுக்கும், சிஎச்ஓன் அழித்துவிட்ட செட்யூஐடி பிட்டை (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் உரிமையோடு ஓடவைக்கும் குறி) திரும்பப் போட்டேன். அப்புறம் மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் உரிமைச் சோதனை, போஸ்ட்ஃபிக்ஸ் செக். போஸ்ட்டிராப் (யூசரின் மெயிலை மெயில்டிராப் என்ற டைரக்டரியில் போடும் புரோகிராம்), போஸ்ட்க்யூ இரண்டுக்கும் வார்னிங் வந்தது: குரூப் சரியில்லை, செட்ஜிஐடி (குரூப்பின் உரிமையோடு ஓடவைக்கும் பிட்) இல்லை. முதலில் சிஎச்மாட் 2755 (உரிமைகளை எண்ணால் அமைக்கும் கமாண்ட்; முன்னாலுள்ள 2 செட்ஜிஐடி) கொடுத்தேன். பிறகு குரூப்பை மாற்றினேன். செக்கை மறுபடி ஓட்டவில்லை.

ரூட்டாக இருந்தே ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பார்த்தேன், போய்ச் சேர்ந்தது. வெளியிலிருந்து வரும் மெயிலும் தடங்கல் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சரியாகிவிட்டது என்றே நம்பினேன்.

மூன்றாம் நாள் இரவு லாகின் ஆனால் எந்தக் கமாண்டும் ஓடவில்லை. ஃபோர்க் பண்ண (புதுப் புராசஸ் தொடங்க) முடியவில்லை என்று பிழை. நாலைந்து முறை முயன்றபின், ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் மட்டும் ஓடியது. கிரான், சென்ட்மெயில், போஸ்ட்டிராப். கிரான், சென்ட்மெயில், போஸ்ட்டிராப். திரை ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒன்று சாதாரண யூசரின் பெயரில் இருந்தது. அது ஒரு வரி அச்சிட்டாலும், நேரப்படி வேலைகளை ஓட்டும் கிரான் அதை மெயிலாக அனுப்பும். மூன்று நாளில் 4,300-க்கும் மேல். லாக் முழுக்க ஒரே வரி: மெயில்டிராப்பில் ஃபைல் உருவாக்க முடியவில்லை, பெர்மிஷன் டினைட். ஒவ்வொரு போஸ்ட்டிராப்பும் 10 விநாடிக்கு ஒருதரம் அதையே எழுதிக்கொண்டிருந்தது.

சர்வரை மீட்க வேண்டும் என்ற பதற்றத்தில் எல்லாப் போஸ்ட்டிராப்பையும் ஒரே அடியாகக் கில் பண்ணினேன். உள்ளே சிக்கியிருந்த மெயில்களும் அதோடு போயின. அவற்றில் மூன்று, பேக்அப் யூசரின் கிரான் அனுப்பியவை. அந்த சிஎச்ஓனால் பேக்அப்பும் உடைந்திருந்தது, அதைச் சொல்லத்தான் அந்த மெயில்கள். எனக்கு அது தெரிந்தது 12 நாள் கழித்து, ஒருவர் தான் அழித்த ஃபைலைத் திரும்பக் கேட்டு வந்தபோது.

உங்களுக்கும் இப்படி ஒரு பெர்மிஷன் வார்னிங் நினைவில் தங்கியிருந்தால் எழுதுங்கள்.

---

மூன்றாம்பிட் எழுதியது:

சார், நீங்கள் செய்த வரிசைதான் தவறிப்போனது. குரூப்பை மாற்றியதும் கெர்னல் செட்ஜிஐடியை எடுத்துவிடும். லினக்ஸில் 2.2.13-லிருந்து ரூட் மாற்றினாலும் இதே கதிதான். முதலில் குரூப், பிறகுதான் மோட். அல்லது போஸ்ட்ஃபிக்ஸ் செட்-பெர்மிஷன்ஸ் என்ற ஒரே கமாண்ட் போதும், வரிசை அதற்குத் தெரியும்.

ரூட்டின் டெஸ்ட் மெயில் ஏன் போனது என்பதும் இதில்தான் இருக்கிறது. மெயில்டிராப் 730 (உரிமையாளருக்கு எல்லாம், குரூப்புக்கு எழுதவும் நுழையவும் மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை), குரூப் போஸ்ட்டிராப். ரூட்டை அந்த 730 தடுக்காது. மற்றவர்கள் செட்ஜிஐடி வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

என் கதை இதற்கு நேர் எதிர். எல்லா பிட்டும் சரி, எல்லா குரூப்பும் சரி, போஸ்ட்ஃபிக்ஸ் செக் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வலைத்தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து அனுப்பும் மெயிலுக்கு மட்டும் மெயில்டிராப் பெர்மிஷன் டினைட். அதே யூசராக ஷெல்லில் நுழைந்து அதே கமாண்டைக் கொடுத்தேன், போனது. பிஎச்பி வழியாகக் கொடுத்தேன், போகவில்லை. இரண்டு ராத்திரி இப்படியே. எல்எஸ் எடுத்து எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

கடைசியில் பிஎச்பி புராசஸின் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்தேன். அதில் நோநியூபிரிவ்ஸ் என்று ஒரு வரி, எதிரில் 1. அந்த 1-ஐப் பார்த்த கணம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பாதுகாப்பை இறுக்குவதற்காக சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைலில் யாரோ நோநியூபிரிவிலேஜஸ் போட்டிருந்தார்கள். அது இருந்தால் அந்த சர்வீஸும் அதன் குழந்தைப் புராசஸ்களும் செட்யூஐடி, செட்ஜிஐடி எதனாலும் கூடுதல் உரிமை பெற முடியாது. ஃபைலில் பிட் இருக்கும், பலிக்காது. பாதுகாப்பை நான் தளர்த்தவில்லை. படிவத்தை லோக்கல்ஹோஸ்டின் 25-ஆம் போர்ட் வழியாக எஸ்எம்டிபி-யில் அனுப்ப மாற்றினேன். அந்த வழிக்குப் போஸ்ட்டிராப்பே வேண்டாம்.

---

பழையஸ்பூல் எழுதியது:

எனக்கு நடந்தது டவ்காட்ல, மெயில்பாக்ஸைப் படிச்சுக் கொடுக்கிற சர்வர் அது. எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த வார்னிங்தான்: இன்பாக்ஸ் இண்டெக்ஸுக்கு சிஎச்ஓன் செய்ய முடியலை, குரூப் மெயில், ஆபரேஷன் நாட் பெர்மிட்டட். ஒரு நாளைக்கு ஆயிரம் வரி லாக்ல வரும். மெயில் என்னவோ ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. வரி வராம இருந்தா போதும்னு டவ்காட்டோட மெயில் ஆக்சஸ் குரூப்ஸ் செட்டிங்ல மெயில் குரூப்பைச் சேர்த்துட்டேன். வார்னிங் நின்னுபோச்சு.

ஒரு வாரம் கழிச்சு கூட வேலை பார்க்கிற ஒரு பொண்ணு என்னைக் கூப்பிட்டாங்க. "அண்ணா, இதை ஒருதரம் பாருங்க"ன்னு தன்னோட மெயில் புரோகிராமைக் காட்டினாங்க. அவங்க ஹோம்ல இருக்கிற மெயில் ஃபோல்டர்ல எல்லாரோட இன்பாக்ஸும் இருக்கிற வார் மெயிலுக்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டிருந்தாங்க. இடது பக்கம் ஃபோல்டர் பட்டியல்ல அலுவலகத்துல உள்ள எல்லாரோட பேரும் வரிசையா நிக்குது. நடுவுல என் பேரு. அவங்க கிளிக் பண்ணலை. என்னைத்தான் பண்ணச் சொன்னாங்க. பண்ணேன், என் இன்பாக்ஸ் அவங்க திரையில திறந்தது.

இந்த ஆபத்தை டவ்காட் ஆவணத்துலயே எழுதியிருக்காங்க, நான் படிக்கலை. சரியான வழி ரொம்பச் சின்னது: வார் மெயில்ல இருக்கிற ஃபைல்களுக்கு, குரூப்புக்கும் உரிமை தர்ற 660-ஐ உரிமையாளருக்கு மட்டுமான 600 ஆக்கணும். டவ்காட் இன்பாக்ஸோட குரூப் உரிமையைப் பார்த்து இண்டெக்ஸுக்கும் அதையே கொடுக்கப் பார்க்குது. குரூப்புக்கு உரிமையே இல்லேன்னா அதுக்கு மாத்த எதுவும் இல்ல, வார்னிங்கும் இல்ல. உரிமையைக் குறைச்சா வார்னிங் போகும்னு அன்னிக்கு யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்.

அவங்க அதை வேற யார்கிட்டயும் சொல்லலை. அதுக்கு இன்னிக்கும் நன்றியோட இருக்கேன்.

---

சரிபார் எழுதியது:

இரவுப்பணி, உங்கள் பதிவைப் படித்ததும் சங்கடமாக இருந்தது. அந்த 4,300 மெயிலையும் கொல்லாமலே மீட்டிருக்கலாம். பைனரியில் பிட்டைச் சரிசெய்தாலும் ஏற்கனவே ஓடும் புராசஸுக்குப் புது குரூப் வராது, அது உண்மை. ஆனால் அவை 10 விநாடிக்கு ஒருதரம் முயன்றுகொண்டே இருக்கின்றன. மெயில்டிராப் டைரக்டரியில் மற்றவர்களுக்கும் எழுதும் உரிமையைச் சில நிமிஷம் திறந்துவிட்டால் அவை தாமாகவே ஃபைலை எழுதிவிட்டு முடிந்துபோகும். பிறகு 730-க்குத் திரும்பிவிடலாம்.

என் அனுபவம் சிறியது. பேக்அப்பிலிருந்து புது சர்வருக்கு ஸ்பூலை (மெயில் க்யூ டைரக்டரியை) ஆர்சிங்க் செய்தேன். நியூமெரிக் ஐடி சுவிட்சோடு நகலெடுத்ததால் பழைய எண்கள் அப்படியே வந்தன. பழைய பெட்டியில் போஸ்ட்ஃபிக்ஸ் யூசருக்கு இருந்த எண் புதியதில் வேறு ஒரு சர்வீஸுக்குப் போயிருந்தது. க்யூ முழுக்க அந்த சர்வீஸின் பெயர். அவ்வளவுதான் கதை.

அதைவிட இதைச் சொல்லத்தான் வந்தேன். பெர்மிஷன் டினைட் என்று வந்தால் அந்த ஃபைலை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். நேம்ஐ கமாண்டை -எல் சுவிட்சோடு ஓட்டினால் ரூட்டிலிருந்து ஃபைல் வரை ஒவ்வொரு படியின் உரிமையும் கீழ்கீழாக வரும். நடுவில் ஒரு டைரக்டரிக்கு எக்ஸ் (நுழையும் உரிமை) இல்லையென்றால் கீழே 777 கொடுத்தும் பயனில்லை. அடுத்தது, பிழைச் செய்தியை முழுக்கப் படியுங்கள். டவ்காட் யார் முயன்றார், எந்த உரிமை குறைகிறது, டைரக்டரி யாருடையது, மோட் என்ன என்று அடைப்புக்குறிக்குள் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறது. பெரும்பாலோர் பெர்மிஷன் டினைட் என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்பூலை நகர்த்தும் முன் இரண்டு பெட்டியிலும் யூசர் எண்களை ஒப்பிடுங்கள். யூமாஸ்க் (புது ஃபைலின் உரிமையைக் குறைக்கும் அமைப்பு) 077 வைத்திருக்கும் ஷெல்லிலிருந்து கான்ஃபிக் ஃபைலை உருவாக்கினால் அது 600-ஆகப் பிறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்பூலுக்குள் ரிகர்சிவாக எதையும் ஓட்டாதீர்கள். அங்கே ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது: பப்ளிக் 710, பிரைவேட் 700, மெயில்டிராப் 730. வேறு மெயில் சர்வரில் லாகின் ஆவதற்கான சாஸ்எல் கடவுச்சொல் ஃபைலை 600-லேயே வையுங்கள். எஸ்எம்டிபி கிளையண்ட் தன் உரிமையைக் கைவிடும் முன்பே ரூட்டாக அதைத் திறந்துவிடுகிறது. டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) ரகசியக் கீயும் அப்படியே, ரூட் 600 போதும். போஸ்ட்ஃபிக்ஸோ டவ்காட்டோ எதுவானாலும் கீயை யாரும் படிக்கக்கூடிய 644 ஆக்க எந்தக் காரணமும் இல்லை.

---

தாழ்ப்பாள் எழுதியது:

சரிபார் சொன்ன கடைசி வாக்கியம் அந்த இரண்டுக்குத்தான் பொருந்தும். எக்சிம் என்ற இன்னொரு மெயில் சர்வரை வைத்திருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு ரூட் 600 போட்டால் டிஎல்எஸ் ஓடாது. எக்சிம் தன் சொந்த யூசராகத்தான் கீயைப் படிக்கிறது. அதற்கும் 644 தீர்வில்லை. எக்சிம் குரூப்புக்கு மட்டும் படிக்கும் உரிமை, 640.

எனக்கு நடந்ததே இதுதான். சான்றிதழ் புதுப்பித்த மறுநாள் டிஎல்எஸ் நின்றது. பொறுப்பிலிருந்தவர் அவசரத்தில் கீயை 644 ஆக்கிவிட்டு எனக்குச் சொல்லாமல் போய்விட்டார். அந்தப் பெட்டியில் ஷெல் கணக்கு வைத்திருந்தவர்கள் 40 பேர். எட்டு மாதம் கழித்துத் தற்செயலாக எல்எஸ் எடுத்தபோது அந்தக் கடைசி ஆர் எழுத்தைப் பார்த்தேன். அன்றே புதுக் கீ உருவாக்கிப் பழைய சான்றிதழை ரத்து செய்தேன். ஆனால் அந்த எட்டு மாதத்தில் யார் படித்தார்கள் என்று லாகில் எங்கும் பதிவாகாது.

அதனால்தான் மெயில்டிராப்பைச் சில நிமிஷம் திறக்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சில நிமிஷத்துக்கு என்று திறந்தவை மாதக்கணக்கில் திறந்தே கிடந்ததைப் பார்த்தவன் நான்.

---

சரிபார் எழுதியது:

தாழ்ப்பாள், எக்சிம் பற்றி நீங்கள் சொன்னது சரி, திருத்திக்கொள்கிறேன். ஆனால் மெயில்டிராப்பையும் கீயையும் ஒன்றாக்காதீர்கள். வீட்ஸ வெனமா 1998-இல் வெளியிட்ட காலத்தில் போஸ்ட்ஃபிக்ஸின் மெயில்டிராப் எல்லாரும் எழுதும்படியாகத்தான் இருந்தது. ஸ்டிக்கி பிட் (பிறர் ஃபைலை அழிக்கவிடாத குறி) இருக்கும், படிக்கும் உரிமை இருக்காது. செட்ஜிஐடி முறை பிறகு வந்தது. நான் சொல்வதும் அதே 1733, அதுவும் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே. கீயைப் படித்துவிட்டால் படித்ததுதான். இங்கே மிஞ்சிப்போனால் யாராவது ஒரு குப்பை ஃபைலைப் போடுவார்கள்.

---

கடைசிப்புள்ளி எழுதியது:

சுருக்கமாக எழுதுகிறேன். ஏலியாஸ் ஃபைலை (எந்தப் பெயருக்கு வரும் மெயில் யாருக்கு என்ற பட்டியலை) ஹோமில் வைத்துத் திருத்திவிட்டு எம்வி கொடுத்து ஈடிசி-க்கு நகர்த்தினேன். ரூட், 644, பாதையில் எல்லா எக்ஸும் இருக்கிறது. பெர்மிஷன் டினைட். மூன்று மணி நேரம். எல்எஸ் வரியில் உரிமைகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதே, அதை நான் வருஷக்கணக்கில் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) லேபிள் இருக்கிறது என்பதன் அடையாளம் அது. பெரிய இசட் சுவிட்சோடு பார்த்தால் ஹோம் டைரக்டரியின் லேபிளோடு நிற்கிறது. எம்வி பழைய லேபிளைத் தூக்கிக்கொண்டே வரும், சிபி-யில் புது ஃபைல் பிறந்தால் போய்ச்சேரும் இடத்தின் லேபிள் கிடைக்கும். லேபிளைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் ஒருமுறை ஓட்டினேன், முடிந்தது. நேம்ஐ -எல் இதைக் காட்டாது, சரிபார்.

---

இரவுப்பணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சரிபார் சொன்னதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நேற்று யாருக்கும் தொடர்பில்லாத ஒரு டெஸ்ட் பெட்டியில் போஸ்ட்டிராப்பின் செட்ஜிஐடியை எடுத்தேன். சாதாரண யூசராக மூன்று மெயில் அனுப்பினேன். மூன்றும் தொங்கின, அதே வரி லாகில் ஓடியது. அரை மணி நேரம் அப்படியே விட்டேன்.

பிறகு மெயில்டிராப்பை 1733 ஆக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். 10 விநாடிக்குள் மூன்று ஃபைலும் உள்ளே விழுந்தன. பிஎஸ்-ஸில் மூன்று போஸ்ட்டிராப்பும் மறைந்தன. மெயில்டிராப்பிலிருந்து மெயிலை எடுக்கும் பிக்அப் 60 விநாடிக்கு ஒருதரம் விழித்துப் பார்க்கும், அந்த ஒரு நிமிஷத்துக்குள் மூன்றும் க்யூவுக்குப் போய் டெலிவரியும் ஆகிவிட்டன. தாழ்ப்பாள், உடனே 730-க்குத் திருப்பினேன், செக்கும் ஓட்டினேன்.

மூன்று மெயிலின் தலைப்பிலும் "பேக்அப்" என்று போட்டிருந்தேன். மூன்றும் வந்தன.