ஒன்றாம் வகுப்பு பெற்றோர் குழு: செவ்வாய் சாயங்காலம்

மாலை 6:04

ஹர்ஷினி அம்மா: (பலமுறை பகிரப்பட்டது) இந்த வருடம் முதல் ஒன்றாம் வகுப்பிலும் வாசிக்கத் தெரியாத குழந்தைகளை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பார்கள். பெற்றோர்கள் விழித்துக்கொள்ளவும். தெரிந்த எல்லாருக்கும் அனுப்பவும்.

ஹர்ஷினி அம்மா: டீச்சர் இது உண்மையா

யாசர் அம்மா: ஐயோ

கவின் அம்மா: எனக்கும் வந்தது. காலையில் பூப்பறிக்கும்போது கொல்லையில் இதே பேச்சுதான்.

மித்ரன் அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவின் அப்பா: டீச்சர் வரட்டும்

ஹர்ஷினி அம்மா: இரண்டு நாளாக வீட்டுப்பாடமும் இல்லை. என் நாத்தனார் மகளும் ஒன்றாம் வகுப்புதான், மெட்ரிக்கில். தினம் மூன்று பக்கம் எழுதுகிறது. நம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுகின்றன.

யாசர் அம்மா: யாசரும் அப்படித்தான்

மாலை 6:38

டீச்சர்: எல்லாருக்கும் வணக்கம். எமிஸில் (கல்வித்துறையின் இணையப் பதிவேடு) பதிவு போட்டு முடிக்க இவ்வளவு நேரமாகிவிட்டது, அதனால் இப்போதுதான் பார்க்கிறேன். முதலில் அந்தச் செய்தி பொய். ஒன்றாம் வகுப்பில் யாரையும் நிறுத்தி வைக்க முடியாது, 2009 கல்வி உரிமைச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2019-இல் திருத்தம் கொண்டுவந்தது ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும்தான், அதையும் மாநிலங்கள் விரும்பினால் செய்யலாம் என்றுதான் வைத்தார்கள், நம் தமிழ்நாட்டில் அப்படிச் செய்யவில்லை, எட்டு வரைக்கும் தேர்ச்சி உண்டு. தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம், அனுப்பியவர்கள் பொய் என்று அதே இடத்தில் சொல்லிவிடுங்கள். அப்புறம் வீட்டுப்பாடம். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. அதே வருடம்தான் இந்த இரண்டு வகுப்புக்கும் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசின் சுற்றறிக்கையும் வந்தது. நான் தினமும் குழுவில் போடுவது வீட்டுப்பாடம் இல்லை, இன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்கிற தகவல். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் வீட்டில் ஐந்து நிமிடம் பேசினால் போதும். இன்று படித்தது ட, ப, ம. படம், பட்டம், மடம். 'பட்டம்' என்று சுவரிலோ பேப்பரிலோ எங்காவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள். எழுதச் சொல்லி உட்காரவைக்க வேண்டாம்.

கவின் அப்பா: நன்றி டீச்சர்

யாசர் அம்மா: அப்பாடா

ஹர்ஷினி அம்மா: சரி டீச்சர். ஆனால் ஏன் ட? அ, ஆ முதலில் வர வேண்டாமா? ஹர்ஷினி பால்வாடியிலேயே அ, ஆ சொல்லுவாள்.

டீச்சர்: சொல்வது வேறு, எழுதுவது வேறு. ஆறு வயதுக் கைக்கு அ எழுதிப் பாருங்கள், சுழி போட வேண்டும், வளைக்க வேண்டும், திரும்பிக் கீழே இறங்க வேண்டும். ட-வுக்கு இரண்டு கோடு போதும். ப-வுக்கு மூன்று. அதுவும் முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல்லை வாசித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்றால் பிள்ளை அதற்குள் சலித்துப்போகும்.

கவின் அம்மா: டீச்சர் இன்னொன்று. புத்தகத்தில் அரும்பு என்று போட்டிருக்கிறது, கவினுக்கு மட்டுமா? மலர் என்றால்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்கிறார்கள்.

டீச்சர்: இல்லை அம்மா, ஒன்றாம் வகுப்பில் எல்லாரும் அரும்புதான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நிலைகளுக்கு வைத்த பெயர். அரும்பு, மொட்டு, மலர். தாழ்வு ஒன்றும் இல்லை.

கவின் அம்மா: சரி சரி. நாங்கள் மொட்டாக இருக்கும்போதே பறித்துவிடுவோம் டீச்சர், மலர்ந்துவிட்டால் கீரமங்கலம் கமிஷன் கடையில் பாதி விலைக்குக் கேட்பார்கள். அதனால்தான் குழம்பிவிட்டேன்.

கவின் அப்பா: இன்று மல்லிகை என்ன விலை போனது

கவின் அம்மா: வீட்டுக்கு வந்து சொல்கிறேன். இது பள்ளிக்கூடக் குழு.

மாலை 6:57

டீச்சர்: மித்ரன் அம்மா, நீங்கள் எதையோ போட்டு நீக்கியிருக்கிறீர்கள். ஏதாவது கேட்க வேண்டுமா?

மித்ரன் அம்மா: ஒன்றுமில்லை டீச்சர்

மித்ரன் அம்மா: சொல்லிவிடுகிறேன். நேற்று நீங்கள் 23 பிள்ளைகளின் சிலேட்டையும் வரிசையாக வைத்து ஒரு போட்டோ போட்டீர்கள், நல்ல எண்ணத்தில்தான் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் கீழே ஒருவர் மித்ரன் ட-வைத் திருப்பிப் போட்டிருக்கிறானே என்று எழுதினார், இன்னொருவர் சிரிக்கிற பொம்மை போட்டார், அதை அவனுடைய அக்கா படித்துவிட்டு அவனிடம் சொல்லிவிட்டாள். ராத்திரி படுக்கும்போது கேட்கிறான், அம்மா, டீச்சர் எழுதுகிற கைப்பக்கம் போ என்று சொன்னார்கள், நான் எழுதுகிற கைப்பக்கம்தானே போனேன், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று. எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. அவன் இடது கையால் எழுதுகிறவன்.

யாசர் அம்மா: பாவம் பிள்ளை

கவின் அம்மா: அடடா

ஹர்ஷினி அம்மா: அது நான்தான். மனதில் எதையும் வைத்துச் சொல்லவில்லை மதினி. மன்னித்துவிடுங்கள்.

மித்ரன் அம்மா: பரவாயில்லை

மாலை 7:06

டீச்சர்: மித்ரன் அம்மா, இதைப் படித்ததும் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தவறு அவனுடையது இல்லை, என்னுடையது. ட மேலிருந்து நேரே கீழே இறங்கி வலப்பக்கம் போகும். வலம், இடம் இன்னும் பிடிபடாத வயது என்பதால் எழுதுகிற கைப்பக்கம் போ என்று எல்லாரிடமும் சொன்னேன், 22 பேருக்கு அது சரியாக வந்தது, மித்ரனுக்கு எழுதுகிற கை இடது கை, அவன் என் பேச்சை அப்படியே கேட்டிருக்கிறான். நாளை முதல் வகுப்பில் எல்லாருக்கும் சாப்பிடுகிற கைப்பக்கம் என்று சொல்கிறேன். அவன் வலது கையால்தானே சாப்பிடுகிறான்? நான் பார்த்தவரை அப்படித்தான். நீங்களும் இன்றைக்குச் சாப்பிடும்போது அந்தக் கையைத் தொட்டுக் காட்டி, ட இந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவைத்தால் போதும். எழுத்தைத் திருப்பிப் போடுவது இந்த வயதில் வலது கைக்காரப் பிள்ளைகளிடமும் உண்டு, எழுதிப் பழகப் பழக அதுவாகவே போய்விடும். கையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். அப்புறம், இனிமேல் பிள்ளைகள் எழுதியதைக் குழுவில் போட மாட்டேன். நேற்றுப் போட்டதையும் எடுத்துவிட்டேன்.

மித்ரன் அம்மா: ஆமாம், வலது கையால்தான் சாப்பிடுவான். நன்றி டீச்சர்.

இனியா அப்பா: டீச்சர் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து. இங்கே மணி ஒன்பதரை ஆகிவிட்டது, இப்போதுதான் ரூமுக்கு வந்தேன். போட்டோவை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இனியா பிறந்தபோது நான் ஊரில் இல்லை, பள்ளியில் சேர்த்தபோதும் இல்லை. அவள் எழுதியதை இந்தக் குழுவில்தான் பார்க்கிறேன். நேற்று அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி அவள் சிலேட்டை மட்டும் வெட்டி எடுத்துப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் காட்டினேன். வீடியோ காலில் வந்தால் பேசாமல் நிற்கிறாள். ட எப்படி எழுதினாய் என்று கேட்டதும்தான் வாயைத் திறந்தாள்.

கவின் அப்பா: மாப்பிள்ளை சாப்பிட்டாயா

இனியா அப்பா: இன்னும் இல்லை மச்சான்

யாசர் அம்மா: அவர் சொல்வதும் நியாயம்தான்

மித்ரன் அம்மா: அவரவர் பிள்ளையின் போட்டோவை அவரவருக்கு மட்டும் அனுப்பலாமே

டீச்சர்: 23 பேருக்கும் தனித்தனியாக தினமும் அனுப்ப என்னால் முடியாது. யோசிக்கிறேன்.

மாலை 7:21

இனியா தாத்தா: டீச்சருக்கு வணக்கம். என் பேத்தி நோட்டில் யானை என்று எழுதியதற்கு நீங்கள் சுழித்திருக்கிறீர்கள். எழுதிக் கொடுத்தது நான்தான். னை-க்கு முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வரும், அதுதான் நான் படித்த எழுத்து. அதில் என்ன தப்பு?

டீச்சர்: ஐயா வணக்கம். தப்பே இல்லை, அது பழைய எழுத்து. ணை, லை, ளை, னை நான்கும் அப்படித்தான் இருந்தன. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் மாற்றி அச்சிட்டார், 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணை வந்தது. அதன்பிறகு பாடப்புத்தகத்தில் எல்லாமே இணைக்கொம்பு போட்டுத்தான். இனியாவுக்கு இன்னும் ஐகார வரிசையே வரவில்லை, இரண்டு விதமாகப் பார்த்தால் குழம்பிவிடுவாள். ஆனால் அந்த யானை எழுத்தை நீங்கள் ஒருநாள் வகுப்புக்கு வந்து கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனியா தாத்தா: நான் எதற்கு. வேலை கிடக்கிறது.

கவின் அப்பத்தா: டீச்சர் நான் கவின் அப்பத்தா. இது என் போன். நானே எழுதுகிறேன். எனக்கும் முதலில் பட்டா, படி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில். 1991. எனக்கு முப்பது வயது. அ ஆ அப்புறம்தான். அதனால் கவினுக்கு ட சொல்லிக்கொடுப்பது எனக்குப் புரிகிறது.

டீச்சர்: அம்மா! இத்தனை நாள் இதை நீங்கள் சொல்லவே இல்லையே

கவின் அப்பத்தா: யாரும் கேட்கவில்லை. சைக்கிளும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். வாடகைச் சைக்கிள். காற்றைப் பிடுங்கிவிட்டது யார் என்று என் தம்பிக்குத் தெரியும்.

இனியா அப்பா: அத்தை :)

கவின் அம்மா: இதைத்தான் வருடம் முழுக்கக் கேட்கிறோம்

இனியா தாத்தா: ஊரே பேசியது. நான் சின்னப் பையனாக இருந்தேன்.

கவின் அப்பத்தா: உனக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

இனியா தாத்தா: அதை விடு. கஜா புயலில் விழுந்த பலா மரத்துக்கு வந்த பணத்தைப் பற்றியும் அப்படியே எழுது, டீச்சரும் தெரிந்துகொள்ளட்டும்.

கவின் அப்பா: மாமா வேண்டாம்

கவின் அப்பத்தா: மரம் என் பக்கத்து வரப்பில் நின்றது.

இனியா தாத்தா: வேர் என் பக்கம்.

இனியா அப்பா: அப்பா. இது பிள்ளைகள் குழு. 2018-இல் விழுந்த மரம்.

கவின் அப்பா: எல்லாரும் கவனிக்கவும்: ஞாயிறு காப்புக்கட்டு. தலைக்கட்டு வரி பாக்கி உள்ளவர்கள் வெள்ளிக்குள் கொடுத்துவிடவும்.

கவின் அம்மா: இதுவும் பள்ளிக்கூடக் குழுதான்

கவின் அப்பா: மன்னிக்கவும், குழு மாறிவிட்டது

யாசர் அம்மா: டீச்சர் அந்த வாரம் லீவு உண்டா

டீச்சர்: இன்னும் முடிவாகவில்லை.

இரவு 7:48

டீச்சர்: தகவல் விஷயத்துக்கு வருகிறேன். நான் நினைப்பது இது. தினமும் ஏழு மணிக்கு ஒரே ஒரு செய்தி போடுகிறேன். இன்று படித்தது என்ன, வீட்டில் எதைப் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான். பிள்ளையின் பெயரோ எழுத்தோ அதில் வராது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் வாரம் ஒரு போட்டோ தனியாக அனுப்புகிறேன், மொத்தம் நான்கு பேர்தான், அது முடியும். ஆனால் இந்தக் குழுவிலேயே இல்லாதவர்கள் ஆறு வீடு இருக்கிறது. போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது, ராத்திரி அவர் வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளிடம் யார் கேட்பது? எனக்கு இதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கவின் அப்பத்தா: பள்ளிக்கூட வாசலில் பலகை ஒன்று சும்மா கிடக்கிறதே. அதில் எழுதுங்கள். பெரிய எழுத்தாக. பூப் போட்டுவிட்டுத் திரும்பும்போது நான் படிப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பால் ஊற்றுகிற இடத்தில் வாசித்துச் சொல்கிறேன்.

டீச்சர்: நீங்கள் செய்வீர்களா அம்மா?

கவின் அப்பத்தா: அப்போது எனக்கு ஒரு பெண் வந்து லாந்தர் வைத்து வாசித்துக் காட்டினாள். சம்பளம் எதுவும் வாங்கவில்லை.

யாசர் அம்மா: நானும் எங்கள் தெருவில் சொல்கிறேன்

ஹர்ஷினி அம்மா: நல்ல யோசனை. ஆனால் டீச்சர், வாரத்துக்கு ஒரு பக்கமாவது எழுதக் கொடுங்களேன், எனக்கு மனது கேட்கவில்லை.

டீச்சர்: எழுத வேண்டாம் ஹர்ஷினி அம்மா. கடைக்குப் போகும்போது பெயர்ப்பலகையில் ட எங்கே இருக்கிறது, ப எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அவளே பத்துக் காட்டுவாள்.

ஹர்ஷினி அம்மா: பார்க்கிறேன்

கவின் அப்பா: வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி முடிவு பண்ணலாம்

யாசர் அம்மா: வெள்ளிக்கிழமை எனக்கு வர முடியாது

கவின் அம்மா: காலையில் என்றால் எனக்கும் முடியாது. பூ இருக்கும்.

இனியா அப்பா: யாராவது போனில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

டீச்சர்: நேரம் நாளைக்குச் சொல்கிறேன். நாளை புதன், காலை உணவு பொங்கல், பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், எட்டரைக்குப் பிறகு வந்தால் ஆறிப்போகிறது.

இரவு 8:20

மித்ரன் அம்மா: சாப்பிடும்போது தொட்டுக் காட்டினேன் டீச்சர். ரசத்தில் விரலைத் தோய்த்து அவனே தட்டு ஓரத்தில் ட போட்டான். சரியான பக்கம்.

டீச்சர்: நாளைக்கு அவன் வந்ததும் நானே அவனிடம் பேசுகிறேன்.

இனியா அப்பா: சந்தோஷம் தங்கச்சி

கவின் அப்பா: பலகையில் சாயம் உரிந்து கிடக்கிறது, சாக்பீஸ் பிடிக்காது. யாரிடமாவது கறுப்பு பெயிண்ட் இருக்கிறதா?

இனியா தாத்தா: என்னிடம் அரை டப்பா இருக்கிறது. அக்கா வீட்டிலிருந்து யாரையாவது அனுப்பச் சொல்.

கவின் அப்பத்தா: நானே வருகிறேன்.

இனியா தாத்தா: பலா மரத்துப் பேச்சு வேறு.

கவின் அப்பத்தா: அது வேறுதான்.